துவைகல்லின் மேல் ஒரு வெள்ளிக்கோடு

ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்த விடியலில், தர்மபுரிப் பக்கத்து நல்லம்பள்ளியில் எங்கள் புழக்கடைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது துவைகல்தான். அந்தக் கருங்கல்லின் மேல், வெள்ளியைக் கரைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. நேராக ஓடாமல் சற்றே வளைந்து, ஓரிடத்தில் தயங்கி நின்று, மறுபடி மனம் தேறிப் புறப்பட்ட கோடு. சாமந்திப் பாத்தியில் பிறந்து, கல்லில் ஏறி இறங்கி, முருங்கையடியில் மறைகிறது. அங்கே ஈரச் சருகின் அடியில், இரவெல்லாம் அதை வரைந்த களைப்பில் ஒரு சின்ன உயிர் ஒடுங்கிக் கிடக்கிறது. ஓடில்லா நத்தை.

சிற்றுயிர்களுக்கென்று விளையாட்டாக ஒரு நாளை ஒதுக்கி மகிழ்வது வெளிநாடுகளில் உண்டு. அதற்கும் ஒருபடி மேலே போய், கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள், 1986-இல் மஞ்சள் நிற வாழைப்பழ நத்தையைத் தங்கள் பல்கலைக்கழகச் சின்னமாகவே ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் நத்தை நாள் ஒன்று உண்டு. அதற்குத் தேதி கிடையாது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள்தான் அது. தெருப்பிள்ளைகள் சொல்லாமலே வந்துவிடுவார்கள். அன்று யாரும் உப்பு டப்பாவைத் தொடக்கூடாது. நத்தையை வெறுங்கையால் எடுக்காமல் பூவரச இலையில் ஏந்த வேண்டும். குந்தி உட்கார்ந்து, அவசரப்படாமல் பார்க்க வேண்டும். சடங்கு இவ்வளவுதான். நீங்களும் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் குந்துங்கள்.

முதலில் முதுகைப் பாருங்கள். தோல் போர்த்தியதுபோன்ற இந்தக் கருநிற நத்தையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அறிவியலில் லேவிகாலிஸ் ஆல்டே. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெருசாக் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். வளர்ந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். மேல்தோல் முழுக்க நுண்ணிய மணிகள் கோத்த சொரசொரப்பு. மழைநீர் பட்டதும் ஒவ்வொரு மணியும் தனித்தனியே மினுங்குகிறது. முதுகின் நடுவே தலைமுதல் வால்வரை வெளிர்சந்தன நிறத்தில் ஒரே ஓர் இழை. கருப்புப் பட்டில் ஒற்றைச் சரிகை ஓடவிட்டு, இதற்குமேல் அலங்காரம் வேண்டாம் என்று தறியைவிட்டு எழுந்த நெசவாளியின் கைப்பக்குவம் அது.

“பெரியப்பா, இதுக்குக் காலு எங்க?” என்று கேட்கும் ஒரு பிள்ளை ஒவ்வொரு ஆண்டும் இருக்கும். அதற்காகவே பழைய படச்சட்டத்தின் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் நத்தையை ஊரவிட்டு, கண்ணாடியைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொல்வேன். விரல் பருமனான உடலுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்தில் நாடாபோன்ற ஒற்றைப் பாதம்! அந்த நாடாவில் அலைகள் ஓடுகின்றன. ஒன்று தேயும்போதே அடுத்தது கிளம்புகிறது. குளத்து நீரை இளங்காற்று வருடுவதுபோல, ஓசையே இல்லாத அலைகள். கேள்வி கேட்ட பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றுவிடும்.

அந்தப் பாதத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இருப்பதுதான் துவைகல்லில் நாம் கண்ட வெள்ளி. பெரும்பகுதி நீரேயான அந்தக் கோழை, அசையாத இடத்தில் பசையாக இறுகுகிறது. அலை வந்து அழுத்தும் இடத்தில் நெகிழ்ந்து வழிவிடுகிறது. ஒரே பொருள், ஒரே நேரத்தில், பிடிமானமும் வழுக்கலும். ஆனால் இந்த அழகுக்கு நத்தை கொடுக்கும் விலை பெரிது. ஊர்ந்து செல்வதற்கு நத்தை எவ்வளவு சக்தி செலவிடுகிறது என்பதை, அதே வாழைப்பழ நத்தையைக் கொண்டு ஆய்வாளர் மார்க் டென்னி 1980-இல் அளந்தார். ஓடுவதையும் பறப்பதையும் நீந்துவதையும்விட ஊர்வதற்கே செலவு அதிகம், அதிலும் பெரும்பங்கு கோழை சுரப்பதற்கே என்று கண்டார். அந்த வெள்ளிக்கோட்டின் ஒவ்வொரு விரற்கடையும் அது தன் உடலின் நீரைக் கொடுத்து வாங்கிய வழி.

இனி முகத்துக்கு வருவோம். மூச்சுக்காற்று படாமல் சற்றுப் பொறுத்திருந்தால், போர்வை விலக்கி எட்டிப்பார்க்கும் கைக்குழந்தைபோல உணர்கொம்புகள் வெளியே வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். மேல் இரண்டின் நுனியில் கண்கள். கீழ் இரண்டும் தரையைத் தொட்டுத் தடவிச் சுவை அறிகின்றன. நத்தையினத்தை நந்து என்ற பெயரில் தொல்காப்பிய மரபியல் ஈரறிவு உயிர்களோடு வைத்தது. தொடுவதும் சுவைப்பதுமே அந்த இரண்டு அறிவு. மண்ணில் மெல்லப் படிந்தும் விலகியும் போகும் இந்தக் கொம்புகளைப் பார்த்த பிறகு, அந்த வகைப்பாட்டுக்குப் பின்னால் இப்படிக் குந்தி உட்கார்ந்து பார்த்த கண்கள் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

நான் மிகவும் நேசிப்பது வேறொரு கோலம். மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்ததும் செங்கல்லைப் புரட்டினால், நத்தை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு வட்டமாகக் கிடக்கும். காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையக் குறைய உள்ளிருக்கும் ஈரம் காய்வதும் குறையும். ஒடுங்கிய பாதமும் அதே சிக்கனத்துக்குத்தான். தர்மபுரிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். தக்காளி நாற்றுக்குக் குடத்துத் தண்ணீரை அளந்து ஊற்றும் ஊர் இது. இருக்கும் ஈரத்தைச் சிந்தாமல் காத்து, வேண்டிய இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவிடும் இந்த மெல்லுடல், எங்கள் மண்ணின் குணத்தையே கற்றுக்கொண்டதுபோல் இருக்கிறது.

அதனால்தான் உப்பு வேண்டாம் என்கிறேன். பொத்திப் பொத்திக் காத்த அந்த ஈரத்தை உப்பு ஒரு நொடியில் உறிஞ்சி எடுத்துவிடும். இளநாற்றை நத்தை தின்னும்தான். பாத்தியோரம் மாலையில் ஓர் ஈரச் சாக்கை விரித்து வைத்தால், விடியலில் அதனடியில் நத்தைகள் கூடியிருக்கும். இலையில் ஏந்தி வேலியோரச் சருகில் விட்டுவிடலாம். நத்தையின் உடலில் நோய்ப்புழு இருக்கக்கூடும் என்பதால் கையைச் சோப்பால் கழுவி, கீரையை நன்கு அலசி வேகவைத்தால் போதும்.

வெயில் ஏறியதும் பிள்ளைகள் நத்தையை முருங்கையடியில் விட்டுவிட்டுக் கலைந்தார்கள். துவைகல்லில் கோடு உலர்ந்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அழுக்குத் துணிக்கூடையோடு வந்த என் மனைவி ஒரு கணம் நின்றாள். பிறகு கூடையைக் கல்லின் மறுபக்கம் இறக்கி வைத்து, அங்கே தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.