'புலை' என்றொரு சொல்

புலால் மறுப்பைப் பரப்ப வருகிறவர்கள் வள்ளலாரைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவருக்குச் சாதி பாராமல் சோறு போட்டவர், சாதியைப் பொய்யென்றவர். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் கறியைக் கடிய அவர் எடுத்த சொல் 'புலை'. தமிழில் அது ஊன், தீட்டு. புலையர் என்று ஒரு சனத்தையே ஒதுக்கிய சொல். கறி தின்கிறவர் அவருக்குப் 'புறஇனத்தார்'. பசி மட்டும் தீர்க்கலாம், உறவில்லை. ஏற்கெனவே ஊருக்குப் புறத்தே கிடக்கிறவன் எங்கே போவான்? பிராமணர் மாட்டுக்கறியை விட்ட பிறகு, அதை விடாதவரே தீண்டத்தகாதவராக்கப்பட்டனர் என்று அம்பேத்கர் 1948இல் எழுதினார். உயிரிரக்கம் பேசட்டும், கேட்போம். 'சுத்த சைவம்' பலகையில் யார் அசுத்தம்னு முதல்ல சொல்லட்டும். சாதியை விடுங்க, அப்புறம் எங்க சட்டியைப் பத்திப் பேசலாம்.