நடவாத வரலாறும் ஈழத்துத் தமிழ்த் திரைப்படமும்

நடந்தவற்றை ஆராய்ந்து கூறுதலே வரலாற்றாசிரியனது தொழில் என்பர். எனினும் நடவாதவற்றை எண்ணிப் பார்க்கும் ஆசை மனிதனை விட்டு என்றும் நீங்கியதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே பாரதக் கதை கேட்போர், தருமன் சூதுக்கு உடன்படாதிருந்தால் யாதாகியிருக்கும் என்று ஒருமுறையேனும் எண்ணாதிருத்தல் அரிது. உரோம வரலாறு எழுதிய லிவியும், மகா அலெக்சாந்தர் மேற்றிசை திரும்பி உரோமரோடு பொருதிருப்பின் வெற்றி எவர்க்கு என்ற வினாவைத் தமது நூலின் ஒன்பதாம் பகுதியிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். விடை உரோமருக்கே சாதகமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1931இல் ஜே. சி. ஸ்குவயர் இத்தகைய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். சேர்ச்சிலும் அதில் எழுதினார். 1961இல் ஈ. எச். கார் இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு விளையாட்டென ஒதுக்கினார். 1997இல் நைல் பெர்குசன் இவ்விளையாட்டுக்கு ஒரு விதி வகுத்தார்: அக்காலத்தவர் தாமே எண்ணிப்பார்த்து, அதற்குச் சான்றும் விட்டுச்சென்ற வழிகளை மட்டுமே பின்வந்தோர் கற்பித்துப் பார்த்தல் தகும் என்பது அவ்விதி. எளிய விதியாயினும், மிகப் பல கற்பனைகள் இதன்முன் நில்லா.

கலை வரலாற்றிலும் இக்கற்பனை புகுந்துவிட்டது. எடுக்கப்படாத திரைப்படங்களுக்கு விளம்பரத் தாள் வரைதல், ஒளிபரப்பாகாத தொலைக்காட்சி நாடகங்களுக்குக் கதைச்சுருக்கம் எழுதுதல், அசைவுப்படங்களும் கணினி விளையாட்டுகளும் வேறொரு நாட்டிலே முதலிற் செழித்திருப்பின் எவ்வடிவம் பெற்றிருக்கும் என்று விவரித்தல் ஆகியன இன்று பலர்க்கு விருப்பமான செயல்கள். ஈழத்தமிழரிடையே இவ்வாசை ஏக்கமாக வெளிப்படுகின்றது. தென்னிந்தியப் படங்கள் வந்து குவியாதிருந்தால் ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் தனித்துவத்தோடு வளர்ந்திருக்கும் என்பது ஒரு கூற்று. 1983 நிகழாதிருந்தால் அது இன்று தலைநிமிர்ந்து நிற்கும் என்பது மற்றொன்று. இரண்டும் மனத்துக்கு இதமானவை. அவற்றை உரைத்துப் பார்த்தவர் சிலரே.

முதற் கூற்றை நோக்குவோம். இலங்கையின் முதற் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 சனவரியிலே வெளிவந்தது. அது சிங்களப் படம். ஆயின் அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் பிடிக்கப்பட்டதும் மதுரையிலே. தமிழர் ஒருவர் தமிழ்நாட்டிலே இலங்கைக்கெனப் படமெடுக்க முன்வந்தபோது அதனைச் சிங்களத்தில் எடுத்தது ஏன்? வணிகக் கணக்கே காரணம் எனல் பொருந்தும். 1931இல் 'காளிதாஸ்' வெளியான நாள்தொட்டுத் தமிழ் பேசும் படம் இலங்கைத் தமிழர்க்குப் புதுமையன்று. சிங்களவர்க்கோ தம் மொழியில் ஒரு படமேனும் இருந்ததில்லை. மறு ஆண்டு 1948இலே ஜெமினியின் 'சந்திரலேகா' பெரும் பொருட்செலவில் வெளிவந்தது. அதனோடு ஒரே கொட்டகையிற் போட்டியிட எந்த ஈழத்துத் தமிழ் முதலாளி துணிந்திருப்பார்? ஆகவே, 1947இல் முதற் படம் தமிழிலே வந்திருக்கலாம் என்னும் கற்பனை பெர்குசனின் விதிக்குமுன் நில்லாது. அவ்வழி அக்காலத்தவர்க்குத் திறந்திருக்கவில்லை.

தென்னிந்தியப் படங்களைத் தடுத்திருந்தால் என்ற வினாவோ வெறுங் கற்பனையன்று. ஓரளவு நடந்து பார்த்ததாகும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கிப் பட இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் ஈழத்துத் தமிழ்ப் படங்களின் தொகை உயர்ந்தமை உண்மை. 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) என்பன அக்காலத்தவை. தொகை உயர்ந்ததுபோலத் தரமும் உயர்ந்ததா எனின், இல்லை என்றே கூறவேண்டும். பல படங்கள் சென்னைப் படங்களின் காதலையும் சண்டையையும் பாட்டையும் குறைந்த செலவிலே மீண்டும் செய்து காட்டின. வெளிநாட்டுப் பொருள் வராதபோது உள்ளூரிலே அதன் போலி உருவாவது கடை வீதியிலும் காணக்கூடியதே. சுவையை ஆக்கியது நாற்பதாண்டுப் பழக்கம். அதனை ஒரு சட்டம் ஓரிரு ஆண்டுகளில் மாற்றிவிட முடியாது.

அவ்வாறாயின் உண்மையில் திறந்திருந்த வழி யாது? 1956 தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகளை நோக்கின் அது புலப்படும். அவ்வாண்டு திசம்பரிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' என்னும் படத்தை வெளியிட்டார். அரசாங்கப் படப்பிரிவை விட்டு வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் வெளிவந்து, கலையகத்தை நாடாது, கிராமத்து வெயிலிலேயே படம் பிடித்தார். அதற்கு முந்திய மாதம் சரச்சந்திரரின் 'மனமே' மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம மரபை அது புதுக்கிற்று. தமிழர் பக்கத்திலும் கருவிகள் இல்லாமலில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இலேயே 'மதங்கசூளாமணி' எழுதிச் சேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்திருந்தார். பேராதனையிலே வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைச் செம்மை செய்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். மகாகவி 'கோடை', 'புதியதொரு வீடு' என்னும் பா நாடகங்களை எழுதினார். கல்முனைக்கு அண்மையிலுள்ள பெரியநீலாவணையின் நீலாவணன் 'மழைக்கை' எழுதினார். வெளிப்புறத்தே படம் பிடிக்கும் குறைந்த செலவு முறை, புதுக்கிய கூத்து, பேச்சோசையோடு இயைந்த பாட்டு ஆகிய மூன்றும் ஒரே தீவில் ஒரே பத்தாண்டிலே இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தமிழிலே முதலில் வந்தவை 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாய'மும் 1963இன் 'தோட்டக்காரி'யும். முன்னோடி முயற்சிகள் என்ற மதிப்பு அவற்றுக்கு உண்டு. ஆயின் மேற்கூறிய கவிஞரும் கூத்தரும் அவற்றுக்கு வெளியிலேயே நின்றனர்.

ஏன் சந்திக்கவில்லை என்பதற்கு விடையும் 1956இலேயே உண்டு. அவ்வாண்டு யூன் மாதத்திலே தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. கல்லோயாக் குடியேற்றப் பகுதியிலே இரத்தம் சிந்தப்பட்டது. 'மனமே', 'ரேகாவ' பிறந்த ஆண்டே இரு மொழியினரும் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கிய ஆண்டுமாயிற்று. சிங்களப் படக்கலைஞனிடம் தமிழ் நாடகாசிரியன் சென்று கற்பதற்கு அது ஏற்ற பருவமன்று.

அச்சந்திப்பு ஒருமுறை நிகழத்தான் செய்தது. இருபது ஆண்டுகள் பிந்தி. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் கதையை 'பொன்மணி' எனப் படமாக்கினார். சாதியும் சீதனமும் குடும்பத்தை உள்ளிருந்தே அரிப்பதை உரத்த வசனமின்றி, யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தின் அமைதியோடு அது காட்டிற்று. ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் அதனைத் தலைசிறந்தது எனக் கூறுவது மிகையாகாது. படம் ஓடவில்லை. குறையைக் கூட்டுத்தாபனத்தின் மேலோ இறக்குமதியின் மேலோ மட்டும் சுமத்திவிட்டுச் செல்லுதல் எளிது. காண வந்தோர் பாதியில் எழுந்து போயிருப்பின், அப்பொறுப்பிற் காண்போர்க்கும் பங்குண்டு. 'நன்றாயிருந்திருக்கும்' என்று இன்று ஏங்குவோருள் எத்தனை பேர் 'பொன்மணி'யைக் கண்டுள்ளனர் என்று கேட்டால் ஏக்கத்தின் ஆழம் தெரியவரும்.

இன்னொரு குறையையும் சுட்டவேண்டும். நடவாத வரலாற்றைக் கற்பிப்போரும் நடந்த வரலாற்றின் எல்லைகளையே அறியாமற் பின்பற்றுகின்றனர். பெயர்பெற்ற ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வடக்கையும் மலையகத்தையும் கொழும்பையும் களமாகக் கொண்டவை. அவற்றுக்கு மாற்றாகக் கற்பிக்கப்படும் படங்களிலும் அவ்விடங்களின் பேச்சே ஒலிக்கின்றது. மருதமுனை நெசவாளனும், சாய்ந்தமருதுக் கரைவலைக்காரனும், நிந்தவூர் வயற்காரனும் அக்கற்பனையிலும் இடம்பெறவில்லை. வாப்பா, உம்மா, காக்கா, றாத்தா என்று விளிக்கும் தமிழ் திரையிலே இயல்பாக ஒலிப்பதை எண்ணிப்பார்த்தவரும் அரியர். இக்கரையிலே பெண்கள் பாடிய 'கவி' நான்கடியிலே காதலையும் பிரிவையும் வஞ்சினத்தையும் சொல்லவல்லது. பொல்லடியின் தாளம் படத்தொகுப்பாளனுக்கு ஆசிரியனாதல் தகும். கனவு காண்பதற்குச் செலவு ஏதுமில்லை. செலவில்லாத கனவிலும் கிழக்குக் கரைக்கு ஆசனம் வைக்கப்படவில்லை எனின், அது வறுமையினால் வந்த குறையன்று.

இரண்டாம் கூற்றாகிய 1983ஐப் பற்றி வேறுவகையாகப் பேசவேண்டும். இங்கே நடவாததும் நடந்து அழிந்ததும் ஒன்றாகக் குழம்புகின்றன. இலங்கையின் முதற் கதைப்படமெனப்படும் 'ராஜகீய விக்கிரமய' 1925இல் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் நிதியமைச்சராகிய என். எம். பெரேரா அதில் நடித்தார். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அப்படம் இலங்கையிலே திரையிடப்படுமுன் தீக்கிரையாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 யூலையிலே குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் உடன் எரிந்தன. இவை நடவாதவை அல்ல. எடுக்கப்பட்டவை, உழைத்தவர் உண்டு, கண்டவர் உண்டு. இவற்றுக்கு வேண்டியது தேடுதலும் பதிவுசெய்தலுமேயன்றிக் கற்பனையன்று.

இவ்வேறுபாடு இன்று முன்னிலும் முதன்மை பெறுகின்றது. கட்டளையிட்ட மாத்திரத்தே எத்தகைய பழம்படத்தின் தோற்றத்தையும் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துவிட்டன. 1960களின் ஈழத்துப் படமொன்றின் விளம்பரத் தாளை, மங்கிய நிறத்தோடும் மடிப்புக் கோடுகளோடும், இல்லாத நடிகர் முகங்களோடும் அவை சில கணங்களில் ஆக்கித் தரும். செல்வமிக்க ஆவணக் காப்பகங்களையுடைய நாட்டிலே அஃது ஒரு விளையாட்டு. உண்மைப் படி ஒன்று பெட்டகத்திலே உறங்குவதால் போலியை ஒப்பிட்டு அறியலாம். மூலம் எரிந்துபோன இடத்திலே ஒப்பிடுவதற்கு யாதுமில்லை. 'தோட்டக்காரி'யின் பெயரை அறியாத மாணவன் பொறி வரைந்த தாளைக் கண்டு அதனையே வரலாறெனக் கொள்வான். அக்காலப் படங்களில் ஒளிப்பதிவு செய்தோர், பின்னணி பாடியோர், கொட்டகையிலே படச்சுருள் ஓட்டியோர் ஆகியோருள் எஞ்சியோர் இன்று முதியவர்கள். அவர்தம் நினைவும், வீடுகளிலே கிடக்கும் பாட்டுப் புத்தகங்களும் நுழைவுச் சீட்டுத் துண்டுகளும், வளைகுடா சென்று திரும்பியோர் கொணர்ந்த கருவிகளிலே 1980களிற் பதிவான வீடியோ நாடாக்களும் இன்னும் பட்டியலிடப்படாமலே உள்ளன. அந்நாடாக்கள் உப்புக்காற்றிலே ஆண்டுதோறும் பூஞ்சணம் பிடித்து வருகின்றன.