தாழ்ந்து நிற்கும் சி10

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பைத் தாழ்த்த, முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை வெட்டுவது மலிவான வழி. ஆனால் குழிதோறும் வண்டி அடிவாங்கும். சக்கரம் பூட்டும் முனை மேலே தள்ளி அமைந்த டிராப் ஸ்பிண்டிலே மேல். ஸ்பிரிங்கின் அசைவு குறையாமல் சுமார் 2.5 அங்குலம் இறங்கும்.

பின்புறம்தான் நுணுக்கம். பெரும்பாலான சி10களில் அங்கேயும் சுருள் ஸ்பிரிங்தான். குட்டையானதைப் போட்டதும், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு கம்பியின் கோணம் மாறி, அச்சு ஒருபக்கமாக ஒதுங்கும். ஒரு டயர் மட்டும் பாடியை நெருங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். நீளம் மாற்றக்கூடிய கம்பி அதைச் சரிசெய்யும். கூடவே குட்டையான ஷாக் அப்சார்பரும் வேண்டும். 5 அங்குல அளவுக்கு இறக்கினால் அச்சு சேஸிஸில் இடிக்கும். அவ்விடத்தை அரைவட்டமாக வெட்டி, இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்தியே ஆக வேண்டும்.