உபரி என்று ஒரு கணக்கு

மேலப்பாளையத்தில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் முதலில் பாளையங்கால்வாய்தான். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிந்து எங்கள் ஊர் வழியாகப் போகிறது. இப்போது பாலத்தில் நின்று பார்த்தால் சாக்கடையும் பிளாஸ்டிக்கும்தான். ஆனால் ஊர் நல்லா வளர்ந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த 'வளர்ச்சி'யைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கங்கைகொண்டான் சிப்காட் வழக்கு ஞாபகம் இருக்கும். பெப்சி, கோக் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆயிரம் லிட்டர் 37.50 ரூபாய் என்ற விலையைத்தான் அப்போது எல்லோரும் திட்டினோம். எனக்கு உறுத்தியது வேறு: உபரிநீரைத்தான் கொடுக்கிறோம் என்ற அரசுத் தரப்பு வாதம். இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவே, 2017 ஜனவரியில், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அதே அரசு அறிவித்தது. 2023 டிசம்பரிலோ அதே ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. உபரி ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. ஆலையின் தேவை மட்டும் வருஷம் தவறாமல் வரும்.

"ஆலைக்குப் போவது ரொம்பச் சின்னப் பங்குதானே?" என்று கேட்கலாம். இன்றைக்குச் சரி. ஆனால் நாம் விரும்பிக் கேட்பது வருஷத்துக்கு 7% வளர்ச்சி. அந்த வேகத்தில் எதுவும் சுமார் 10 வருஷத்தில் இரட்டிப்பாகும். 100 வருஷத்தில் 868 மடங்கு. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நிறுத்தும் நிபந்தனை இல்லாத லூப்பை நான் எழுதினால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்ஜெட்டில் எழுதினால் கை தட்டுகிறோம்.

தொழில்நுட்பம் காப்பாற்றும் என்பது என் துறைக்காரர்களின் பதில். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். சரி, ஒரு பாட்டிலுக்குத் தேவையான தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 7% வளர்ச்சியில் அதனால் கிடைக்கும் அவகாசம் அதே 10 வருஷம்தான். அதற்கப்புறம் மறுபடி பாதியாக்க வேண்டும், மறுபடியும். ஒரு கட்டத்தில் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரையே குறைக்க வேண்டி வரும்.

தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, எடுத்தால் தீர்ந்துபோகும் வளங்களையும் இயற்கை திரும்பத் தரும் வளங்களையும் பிரித்துப் பார்த்தார். தாமிரபரணி இரண்டாவது வகை. வருஷா வருஷம் வரும்; ஆனால் வருஷத்துக்கு 7% கூடி வராது.

இதற்காக வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் ஊரில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களிடம் போய் 'போதும்' என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாசச் சம்பளக்காரன் நான். அவர்கள் வருமானம் கூடத்தான் வேண்டும். அதற்கு ஒரு அளவும் இருக்கிறது: வீடு, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு. மொத்த உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டே போனால் என்றைக்காவது அது அவர்கள் முறத்துக்கும் வந்து சேரும் என்பதைத்தான் நான் நம்பவில்லை.

ஆகவே, அடுத்த திட்டம் வரும்போது எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இரட்டிப்பானால் யாருடைய பங்கிலிருந்து எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். கால்வாய்க் கடைமடைக்காரர்களுக்கு அந்தப் பதில் முன்கூட்டியே தெரியும்.