மண்ட்டோவும் மனநோய் விடுதியும்

உருதுச் சிறுகதையாசிரியர் சஆதத் ஹசன் மண்ட்டோவைப் பற்றி எழுதப் புகுவோர் இரண்டு செய்திகளை விடாமற் கூறுவர். ஒன்று, அவர்மீது ஆபாச வழக்குகள் தொடரப்பட்டமை. மற்றொன்று, அவர் குடித்தமை. முன்னது அவருடைய துணிவுக்குச் சான்றாகவும், பின்னது அவருடைய மேதைமைக்கு ஊற்றாகவும் காட்டப்பெறும். பின்னதை நாம் ஒப்புவதற்கில்லை. அவருடைய ‘டோபா டேக் சிங்’ கதையைச் செவ்வையாகப் படிக்கவொட்டாமல் தடுத்து வந்திருப்பதும் இந்தக் கட்டுக்கதையே எனலாம்.

1948இன் தொடக்கத்தில் பம்பாயை விட்டு லாகூருக்குக் குடிபெயர்ந்த மண்ட்டோ, அங்கே ஏழாண்டுகளே வாழ்ந்தார். பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்த இடத்திலேயே ஒரு கதையை எழுதிக் கொடுத்து, கையோடு பணம் பெற்று, அதைக் குடித்துத் தீர்த்த நாள்கள் அவை. அவ்வாறு பிறந்த கதைகளிற் பல ஒப்பேற்றியவை என்பதை அவருடைய அன்பர்களும் மறுக்கமாட்டார்கள். குடியை நிறுத்துவதற்காக அவர் லாகூர் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றார், தேறி வெளிவந்தார், மீண்டும் குடித்தார். 1955 ஜனவரி 18ஆம் நாள், ஈரல் கெட்டு, 42ஆம் வயதில் மறைந்தார். மனைவி ஸஃபியாவும் மூன்று பெண்மக்களும் எஞ்சினர். மதுதான் அவரை எழுதவைத்தது என்று மேடையில் முழங்குவோர் அந்த நால்வரையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் நன்று.

‘டோபா டேக் சிங்’ அந்த இறுதிக் காலத்துப் படைப்பு. பிரிவினை முடிந்து இரண்டு மூன்றாண்டுகளுக்குப் பின், மனநோயாளிகளையும் மதவாரியாக மாற்றிக்கொள்ள இரு அரசுகளும் முடிவு செய்கின்றன. (இது வெறும் கற்பனையன்று, 1950இல் லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரசுக்கு மெய்யாகவே அனுப்பப்பட்டனர்.) எந்த நாட்டிலும் இருக்க விருப்பமின்றி மரக்கிளையில் ஏறிக்கொள்ளும் பைத்தியம், தன்னை ஜின்னா என்று அறிவித்துக்கொள்ளும் பைத்தியம் எனக் கதை நகர்கிறது. தூக்கிலிருந்து தப்புவிக்க, உறவினர் கையூட்டுக் கொடுத்து உள்ளே தள்ளிய கொலைகாரர்களும் அங்கே உண்டு. விமரிசகர் அனைவரும் கதையை இரு நாடுகளின் உருவகமாகவே காண்கின்றனர். பிஷன் சிங் எந்நாட்டுக்கும் உரியதல்லாத துண்டு நிலத்தில் வீழ்ந்துபடும் முடிவு அதற்கு இடந்தருகிறது என்பதும் உண்மைதான்.

ஆயினும் உருவகத்துக்குத் தேவைப்படாத செய்திகள் இக்கதையில் எத்தனை! பதினைந்து ஆண்டுகள் படுக்காமல் நின்றதால் பிஷன் சிங்கின் கால்கள் வீங்கியிருக்கின்றன. உறவினர் அவனைக் கனத்த இரும்புச் சங்கிலியிற் பிணைத்துக் கொணர்ந்து விட்டவர்கள்; எனினும் மாதமொருமுறை பார்க்க வருகிறார்கள். அவர்கள் வரும் நாளை அவன் எவ்வாறோ உணர்ந்துகொள்வான். அன்று சோப்பிட்டுக் குளிப்பான். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவுவான். பிற நாள்களில் தொடாத ஆடையை உடுத்துவான். கலவரம் வந்து வருகை நின்றுபோனதும் அந்த உணர்வும் அவனுள் நின்றுபோகிறது. தேதி, ஆண்டு எதுவும் அறியாதவன் என்று பிறர் கருதும் ஒருவனுக்குள் இத்தனை காத்திருப்பு! விடுதிக்கு வெளியே நின்று எழுதுபவர் கண்ணில் அந்தச் சீப்பு பட்டிருக்காது. ஆசிரியர் உள்ளே இருந்தவர் என்பதை நாம் உணரும் இடம் இதுவே. நந்திதா தாஸ் இயக்கிய ‘மண்ட்டோ’ (2018) திரைப்படம் அவருடைய மருத்துவமனை நாள்களை இக்கதையோடு சேர்த்துக் காட்டியது. அவ்வளவில் விமரிசகர் பலரினும் அது கதையை நன்கு படித்திருக்கிறது.

குறையும் உண்டு. முற்பகுதியில் வரும் நோயாளிகள் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுகிறார்கள். பிஷன் சிங் வந்த பிறகே நகை அடங்கி, நோயாளி மனிதனாகிறான்.

சங்கிலி என்றதும் தமிழ் வாசகரின் நினைவு ஏர்வாடிக்குச் செல்லும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கே தனியார் நடத்திய கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் கிடந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தாருமே; மாதந்தோறும் வந்து பார்த்தவர் எத்தனை பேரோ! இவ்வாறு பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்துள்ளது.

குடிநோயாளியின் நிலை வேறு வகையினது. அவனைச் சங்கிலியிடுவதில்லை, மறைக்கிறோம். ஹராமான ஒன்று நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று வெளியே சொல்ல நாக் கூசுகிறது. வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உம்மா சொல்லிச் சமாளிக்கிறார். நிலைமை முற்றினால் அறையிற் பூட்டி, தௌபாச் செய்யச் சொல்லி, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்குகிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புக் காணலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தோன்றலாம், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். தௌபா உள்ளத்தின் செயல். அந்த நாள்களில் உடலுக்கு மருத்துவர் துணை வேண்டும். தேறிய பின் மீண்டும் குடித்துவிட்டால் அவன் சத்தியத்தை முறித்த கயவன் என்று முடிவு கட்டுகிறோம். மீளக் குடிப்பது அந்நோயின் இயல்புகளுள் ஒன்று. மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதே அதன் பொருள்.

பிஷன் சிங்கைப் பார்க்க இறுதியில் வருபவன் உறவினன் அல்லன். ஊர் நண்பன் ஃபஸல்தீன். குடும்பத்தார் நலமாக இந்தியா போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லி வருபவன், மகள் ரூப் கவுரின் பெயரைச் சொல்லும்போது தடுமாறுகிறான். கைக்குழந்தையாக வந்தபோதும் அழுதவள், வளர்ந்த பெண்ணாக வந்தபோதும் தந்தையைக் கண்டு அழுதவள் அவள். அவன் அவளை அடையாளம் கண்டதேயில்லை. மூன்று பெண்மக்களின் தந்தையான மண்ட்டோ, அவளுக்கு அச்சில வரிகளையே ஒதுக்கினார். அவள் பக்கத்திலிருந்து அக்கதையைச் சொல்லவில்லை.