பச்சைக் கட்டம்

சிங்கப்பூரின் பிடோக் பேருந்து முனையத்துப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்து எக்செல்லில் அட்டவணை போட்டிருக்கிறான். சாதகமானதற்குப் பச்சை, பாதகமானதற்குச் சிவப்பு. "பச்சை எதுல அதிகம்னு பாருங்க மாமா, முடிவு தானா தெரியும்." எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டும் ஒரே மங்கிய பழுப்பு.

அட்டவணை போடுவது நல்ல பழக்கம்தான். கடிதத்தில் சொல்லாமல் விட்டது காலிக் கட்டமாக நின்று முறைக்கும். ஒரு கடிதத்தில் பல் சிகிச்சை பற்றிப் பேச்சே இல்லை என்பது கட்டம் காலியாக நின்ற பிறகுதான் அவனுக்கே உறைத்ததாம்.

வம்பு நிறத்தில் வருகிறது. மாதச் சம்பளம் ஓரிடத்தில் 3,800 வெள்ளி, இன்னோரிடத்தில் 4,000. நாலாயிரத்துக்குப் பச்சை பூசிவிட்டான். ஆனால் 3,800 தருகிறவர்கள் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, மற்றவர்கள் தரவில்லை. ஆண்டுக்குக் கூட்டினால் 49,400, எதிரே 48,000. முதலாளி மத்திய சேம நிதிக்குப் போடும் 17 விழுக்காட்டையும் சேர்த்தால், பச்சைக் கட்டம் 1,638 வெள்ளி பின்தங்குகிறது.

பச்சைக்காரர்கள் விடுப்பு நாலு நாள் கூடுதலாகத் தருகிறார்கள். மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, வாரம் ஐந்து நாள் வேலைக்கு 260-ஆல் வகுத்தால் ஒரு நாள் மதிப்பு சுமார் 185 வெள்ளி. நாலு நாளுக்கு 738. இடைவெளி 900 ஆகச் சுருங்குகிறது.

இனி அட்டவணையில் இல்லாத வரிசை. அந்த 3,800 வெள்ளி வேலை துவாசில். கிழக்கு மேற்கு ரயில் பாதையின் மறுகோடி. மற்றது சாங்கி பிசினஸ் பார்க்கில். தானா மேராவில் ரயில் மாறினால் அடுத்தது எக்ஸ்போ. போக வர நாளுக்கு இரண்டு மணி நேரம் வித்தியாசம், ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 480 மணி. 900 வெள்ளியை அதில் பங்கிட்டால் மணிக்கு இரண்டு வெள்ளிகூடத் தேறாது. ஆக அவன் பூசிய பச்சை சரிதான். அதற்கான காரணம்தான் அட்டவணையில் எங்கும் இல்லை.

சட்டம் கைகொடுக்கிறதா? அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், விடுப்பு, மருத்துவச் சலுகை எல்லாவற்றையும் முதலாளி எழுத்தில் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் கட்டாயம். நல்ல விதி. ஆனால் கெடு, வேலையில் சேர்ந்து 14 நாளுக்குள். பழைய வேலையை விட்டபின் வரும் தாளை எதோடு ஒப்பிடுவது? தமிழ்நாட்டிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வரும் தொழிலாளிக்கு, அடிப்படைச் சம்பளமும் படியும் பிடித்தமும் குறித்த ஒப்புதல் கடிதம் விமானம் ஏறுமுன்பே அவர் மொழியில் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கான விதி மேல்.

நிறத்துக்கு வருவோம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12-ல் ஒருவருக்குச் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. ஆசியரிடம் அதைவிடக் குறைவு என்றாலும் அரிதல்ல. நீலமும் ஆரஞ்சும் போட்டால் எங்களில் பெரும்பாலோருக்குப் பிரிந்து தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 ஆவது இருக்கட்டும் என்கிறது இணைய அணுகல் நெறி. சாம்பல் எழுத்தை வெளிர்ப்பச்சையில் வைத்த இவன் அதையும் கோட்டைவிட்டிருந்தான். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உறுதியான பணத்தையும் வாக்குறுதியையும் பிரிப்பது. ஒப்பந்தத்தில் உள்ளதற்கு நிறைகட்டம், 'செயல்திறனைப் பொறுத்து' வரும் போனசுக்குக் கோடு போட்ட கட்டம், உள்ளே தொகை. நிறமே வேண்டியதில்லை.

கைப்பேசித் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் காட்டினேன். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. "உங்களுக்கு இப்படித்தான் தெரியுமா மாமா?" என்றான். ஏறக்குறைய என்றேன். தேநீர் ஆறிப் போகும்வரை கட்டங்களை மாற்றிக்கொண்டிருந்தான். பல் சிகிச்சைக் கட்டம் இன்னும் காலி. திங்கட்கிழமை அழைத்துக் கேட்கப் போகிறானாம்.