முடிபு ஒன்று, காரணம் வேறு: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் மூலக்கதை மாற்றங்கள்

ஆய்வுச் சுருக்கம்

நாவலொன்று தொலைக்காட்சித் தொடராகும்போது நிகழும் மாற்றங்கள், மூல நிகழ்ச்சிகள் பின்பற்றப்பட்டனவா என்ற கேள்வியைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. நிகழ்ச்சியும் முடிவும் மாறாத இடத்திலும் காரணம் மாறினால் கதையின் பொருள் மாறிவிடும் என்பதை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மிகுபுனைவு நாவல்களையும் அவற்றின் தொடர்வடிவத்தையும் ஒப்பிட்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், மிகுபுனைவு, வழிநூல், நோக்குநிலை, தொலைக்காட்சித் தொடர்

முன்னுரை

முதல்நூலைத் தழுவி வழிநூல் செய்வது குறித்துத் தமிழிலக்கண மரபு தெளிவாகப் பேசியுள்ளது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு முற்றும் ஒத்துப் பின்னோன் விரும்பும் வேறுபாடுகளையும் கூறலாம் என்பது நன்னூலின் கருத்து. நூலியல் பற்றிய இக்கருத்து கதைத்தழுவலுக்கும் பயனுள்ள ஒரு கேள்வியைத் தருகிறது: முடிபு ஒத்திருந்தால் மட்டும் போதுமா?

மார்ட்டினின் நாவல் வரிசை 1996இல் தொடங்கியது. 2011க்குள் ஐந்து நாவல்கள் வெளிவந்தன. டேவிட் பெனியாஃப், டி. பி. வெய்ஸ் ஆகியோர் உருவாக்கிய தொடரை எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளாக ஒளிபரப்பியது.

நோக்குநிலையும் காட்சியும்

நாவலின் ஒவ்வோர் இயலும் ஒரு கதைமாந்தரின் நோக்குநிலையில் அமைகிறது. அவர் அறிந்ததையே வாசகர் அறிவர். அவர் காணாதது வாசகருக்கும் மறைவாகவே இருக்கும். காமிராவுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. மனத்துக்குள் நிகழும் எண்ணத்தை அது நேரே காட்டவும் இயலாது. எனவே தழுவலில் சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை.

இரண்டாம் நாவலில் ஆர்யா, ஹாரென்ஹால் கோட்டையில் ரூஸ் போல்ட்டனின் பணிப்பெண்ணாகிறாள். இரண்டாம் பருவத்தில் (2012) அவள் தன் குடும்பத்தின் பெரும்பகைவனான டைவின் லானிஸ்டருக்கே பணி செய்கிறாள். நாவலில் மனவோட்டமாக இருந்த அச்சமும் எச்சரிக்கையும் இங்கு இருவரின் உரையாடலாகின்றன. தன்னை மறைத்துக்கொண்டு பிழைக்க வேண்டும் என்ற அடிப்படைக் காரணம் மாறவில்லை. ஆதலின் இம்மாற்றம் மூலத்தைச் சிதைக்கவில்லை; ஊடகத்துக்கு ஏற்ப அதை வெளிக்கொணர்கிறது.

ராபின் திருமணம்

ராப் ஸ்டார்க்கின் திருமணம் இதற்கு மாறானது. நாவல்களில் ராபுக்கு நோக்குநிலை இயல் ஒன்றுகூட இல்லை. போரில் காயமுற்றுக் கிடந்த அவனை ஜெய்ன் வெஸ்டர்லிங் பேணுகிறாள். தம்பியர் இறந்தனர் என்ற செய்தி வந்த துயரில் அவன் அவளோடு கூடுகிறான். அவள் மானம் காக்க அவளையே மணக்கிறான். இதனால் ஃபிரே குடும்பத்துக்கு அவன் அளித்திருந்த மணவாக்கு முறிகிறது. இவை அனைத்தும் முடிந்த பின்னரே தாய் கேட்லின் அறிகிறாள். வாசகரும் அவளுடனேயே அறிகின்றனர்.

இங்கு ராபின் முன் நிற்பவை இரண்டு கடமைகள்: ஒன்று கொடுத்த வாக்கு, மற்றொன்று தன்னால் மானமிழந்த பெண். முதல் நாவலில் அவன் தந்தை எட்டார்ட், செர்சியின் குழந்தைகள்மீது இரக்கம் கொண்டு முன்னெச்சரிக்கை தந்து தன் அழிவைத் தேடிக்கொண்டார். தந்தையை வீழ்த்திய அப்பண்பே மகனையும் வீழ்த்துகிறது. ஜெய்னின் தாய்க்கு டைவினோடு மறைவான உடன்பாடு இருந்ததை நான்காம் நாவல் வெளிப்படுத்தும்போது, அப்பண்பை அரசியல் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதும் விளங்குகிறது.

தொடர் ஜெய்னை நீக்கி, வொலாண்டிஸ் நகரத்து டலீசா என்ற மருத்துவப் பெண்ணைப் படைத்தது. இருவரின் காதலும் படிப்படியாகக் காட்டப்படுகிறது. தாய் முன்னரே எச்சரித்தும் ராப் அவளை மணக்கிறான். இரு கடமைகளின் மோதல், காதலுக்கும் வாக்குக்கும் இடையிலான மோதலாகிறது. 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பான திருமணப் படுகொலைப் பகுதியில், நாவலில் விருந்துக்கே வராத மனைவியின் இடத்தில் கருவுற்ற டலீசா குத்தப்படுகிறாள். மூன்றாம் நாவலின் முடிவில் பழிதீர்க்க மீண்டெழும் கேட்லினையும் தொடர் கைவிட்டது. தாயின் துன்பமாக எழுதப்பட்டது காதலரின் துன்பமாக மாறியதன் தொடர்விளைவாக இதனைக் கருதலாம்.

சான்சாவின் இடமாற்றம்

ஐந்தாம் நாவலில் ராம்சிக்கு மணமுடிக்கப்படுபவள், ஆர்யா என்று பொய்யாக முன்னிறுத்தப்பட்ட ஜெய்ன் பூல். கேட்பாரற்றவள் என்பதே அவள் பலியாவதற்குக் காரணம். அவ்வியல்கள் தியானின் நோக்குநிலையில் அமைவதால், அவன் மனச்சான்று விழித்தெழுவது கதையின் இயல்பான மையமாகிறது. ஐந்தாம் பருவம் (2015) அவ்விடத்தில் சான்சாவை வைத்தது. ஆனால் வன்கொடுமைக் காட்சி தியானின் முகத்திலேயே முடிகிறது. பல பருவங்களாகப் பார்வையாளர் பின்தொடர்ந்த பெண்ணின் வேதனை மற்றொருவனின் மீட்சிக்குக் கருவியானது. ஆளை மாற்றிய தொடர் நோக்குநிலையை மாற்றாமல் விட்டதே இங்குள்ள குறை. அக்காட்சி பெற்ற கண்டனத்துக்கு இது முக்கிய விளக்கமாகும்.

முடிபும் காரணமும்

ஆறாம் நாவல் வெளிவருமுன்பே தொடர் நிறைவுற்றது. முடிவின் முக்கியக் கூறுகளை மார்ட்டின் ஆக்குநர்களிடம் கூறியிருந்தார். அவற்றுக்கு இட்டுச்செல்லும் நாவல்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. முதல் ஆறு பருவங்கள் பத்துப் பத்துப் பகுதிகள் கொண்டிருக்க, ஏழாவது ஏழாகவும் எட்டாவது ஆறாகவும் சுருங்கின. டெனேரிஸ் தலைநகரை எரித்தது நம்பும்படியாக இல்லை என்று பார்வையாளர் பலர் குறைகூறினர். அம்முடிவு தவறானது என்பதைவிட, அதற்கான காரணங்கள் வளர இடமளிக்கப்படவில்லை என்பதே அக்குறையின் சாரம்.

முடிவுரை

ஆர்யாவின் கதையில் நிகழ்ச்சி மாறியது, காரணம் நிலைத்தது. ராபின் கதையில் முடிபு நிலைத்தது, காரணம் மாறியது. முன்னது மூலத்துக்கு நெருக்கமாகவும் பின்னது வேறொரு கதையாகவும் அமைகின்றன. வேறொரு கதையாவது தன்னளவில் குற்றமன்று. டலீசாவின் கதை பார்வையாளரை உலுக்கியது உண்மை. ஆயினும் அது மானத்தால் வீழ்ந்தவனின் கதை அன்று. தழுவலை ஆராய்வோர் எந்த நிகழ்ச்சி விடுபட்டது என்று பட்டியலிடுவதோடு நில்லாமல், எந்தக் காரணம் எதனால் பதிலீடு செய்யப்பட்டது என்று வினவுதல் வேண்டும்.